காட்டுப் புழுதியும் களைமருந்தும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் சாளை, அதாவது தோட்டத்து வீடு, தாராபுரத்துக்கும் குண்டடத்துக்கும் நடுவில், மேட்டாங்காட்டில் இருக்கிறது. எங்கள் பக்கம் காடு என்றால் பயிர் வைக்கிற மேட்டு நிலம். மேற்குப் பக்கம் தடுப்பென்று ஒன்றும் கிடையாது. வைகாசிக் கடைசியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று இறங்கிவிட்டால் ஆவணி வரைக்கும் கொடியில் காயும் துணி, தொட்டித் தண்ணீர், மாட்டுக்குப் போட்ட சோளத்தட்டு, தூங்குகிற குழந்தையின் முகம் என்று எல்லாவற்றின் மேலும் செம்மண் படியும். சின்ன வயதில் அது வெறும் மண். இப்போது மேற்கே இருக்கிற காடு, தோப்பு, சைட் போட்ட நிலம் எல்லாவற்றிலும் களைமருந்து அடிக்கிறார்கள், நாங்களும் பல வருடம் அடித்திருக்கிறோம். அதனால் அந்த மண்ணோடு என்ன வருகிறது என்ற கேள்வி எங்கள் வீட்டிலும் வந்தது, அக்கம்பக்கத்தில் பேசும்போதும் வந்தது. கேட்டவற்றையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மருந்து அடிப்பது புல்லின் மேல்தானே, மண்ணுக்கு எப்படிப் போகிறது?

புல் அடர்த்தியாக இல்லாத இடத்தில் தெளிப்பில் நல்ல பங்கு நேராகத் தரையில்தான் விழுகிறது. இலையில் பட்டதும் பிறகு மழையில் கழுவி இறங்கும், அல்லது செத்த புல்லோடு சேர்ந்து மண்ணுக்கு வரும். அது போக, சில மருந்துகளை மண்ணுக்கென்றே அடிக்கிறோம். மக்காச்சோளம் விதைத்த 3ஆம் நாள் அடிக்கும் அட்ராசின், வெங்காயத்துக்கும் கடலைக்கும் அடிக்கும் மஞ்சள் நிற பெண்டிமெத்தலின் இரண்டும் முளைக்கும் களையைத் தடுக்க மண்மேல் ஒரு பூச்சு மாதிரி உட்காரவேண்டியவை. அந்தப் பூச்சு கலையக்கூடாது என்றுதான் கடைக்காரரே சொல்லி அனுப்புவார்.

பெரும்பாலான களைமருந்து அடித்த பிறகு கொஞ்ச நாளுக்கு மேல் ஒரு விரற்கடை மண்ணில்தான் தங்கியிருக்கும். கிளைபோசேட், பாராகுவாட் இரண்டும் களிமண் துகளை இறுகப் பிடித்துக்கொள்ளும், லேசில் விடாது. காற்று தொட்டு எடுப்பதும் அதே மேல் மண்ணைத்தான்.

மண்ணோடு ஒட்டிக்கொண்டால் நல்லதுதானே? நகராது என்றுதானே சொல்கிறார்கள்?

தண்ணீரோடு நகராது என்பது சரி. கிளைபோசேட் கிணற்றுக்கு அவ்வளவாக இறங்காததற்குக் காரணமே அந்த ஒட்டுதல்தான். ஆனால் மண்ணே எழுந்து போனால் மருந்தும் கூடவே போகும், இந்தப் பாதி பேச்சில் விட்டுப்போகிறது.

காற்று மண்ணை எடுக்கும் விதத்தைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். அரை மில்லிமீட்டருக்கு மேல் உள்ள பொடிக்கல் தரையோடு உருளும். ரவை அளவு மணல் தத்தித் தத்திக் குதிக்கும், முழங்காலுக்குக் கீழே சுருக்கென்று அடிக்கிறதே அதுதான். அந்த மணல் குதித்து விழும் ஒவ்வொரு அடியிலும் மண்கட்டி உடைந்து, மாவு போன்ற நைஸ் பொடி மேலே கிளம்பும். உருளுவதும் குதிப்பதும் பெரும்பாலும் அடுத்த வரப்பிலோ வேலியிலோ நின்றுவிடும். நைஸ் பொடி நிற்காது, மணிக்கணக்கில் மிதந்து பல கிலோமீட்டர் போகும்.

சங்கடம் என்னவென்றால், மருந்து அதிகமாக ஒட்டியிருப்பதும் அந்த நைஸ் பொடியில்தான். ஒரு கைப்பிடி மணலைவிட ஒரு கைப்பிடி களிமண் பொடிக்கு மேற்பரப்பு பல மடங்கு அதிகம், இலைமக்கும் அதில்தான் இருக்கும். நெதர்லாந்தில் காற்றுச் சுரங்கம் வைத்துச் செய்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், கிளைபோசேட்டும் அது சிதைந்து உண்டாகும் அம்பா என்ற பொருளும் 10 மைக்ரானுக்குக் கீழே இருந்த தூளில்தான் அதிகமாகக் கிடைத்தன. அர்ஜென்டினாவின் வறண்ட பகுதியில் காற்று அள்ளிய மண்ணைப் பிடித்துப் பார்த்தபோதும் இரண்டும் இருந்தன. 10 மைக்ரான் என்பது தலைமுடியின் கனத்தில் ஏழில் ஒரு பங்கு மாதிரி. மூக்கு முடியில் நிற்காமல் நெஞ்சுக்குள் போகிற அளவு அது.

அளவு எவ்வளவு இருக்கும்? சும்மா பயமுறுத்துகிறீர்களா?

கணக்குப் போட்டே பார்ப்போம். ஒரு ஏக்கரில் மேல் 1 சென்டிமீட்டர் மண்ணை வழித்தால் கிட்டத்தட்ட 55 டன் வரும். அந்த ஏக்கருக்கு 400 கிராம் மருந்துச் சரக்கு போட்டு, அது முழுக்க அந்த ஒரு சென்டிமீட்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோ மண்ணுக்கு 7 மில்லிகிராம். காற்று அதிலிருந்து ஒரு மில்லிமீட்டரை எடுத்துப் போனால் ஐந்தரை டன் மண் போகிறது, கூடவே 40 கிராம் மருந்து, அதாவது போட்டதில் பத்தில் ஒன்று. ஒரு மில்லிமீட்டர் குறைந்தது கண்ணுக்குத் தெரியாது. நாங்கள் எங்கள் காட்டில் ஒரு ஆடி முழுக்க இழந்தது அதற்குக் குறையாது என்று நினைக்கிறேன், ஏனென்றால் கிழக்கு வேலி ஓரம் ஒரு முழம் உயரத்துக்கு மண் மேடு ஏறியிருந்தது.

இது மருந்து அடித்த உடனே காற்று வந்தால் உள்ள கணக்கு. நாள் ஆக ஆகக் குறையும், போன மண்ணில் பெரும்பங்கு பக்கத்திலேயே விழும். தெளிக்கும்போது பறக்கிற சாரலோடு ஒப்பிட்டால், ஒரு தடவையில் வந்து சேரும் அளவு புழுதியில் குறைவுதான். ஆனால் சாரல் அரை நாள் விஷயம், புழுதி மூன்று மாதம்.

எந்த மருந்து எத்தனை நாள் மண்ணில் இருக்கும்?

பாதியாகக் குறைய ஆகும் காலத்தை வைத்துச் சொல்வது வழக்கம். பொதுவாகப் புத்தகத்தில் கொடுக்கிற கணக்கு: 2,4-டி 10 நாள், ஆக்ஸிஃப்ளூர்ஃபென் 35, கிளைபோசேட் 47, அட்ராசின் 60, பெண்டிமெத்தலின் 90. பாராகுவாட் 1000 நாள். பாதி போக 47 நாள் என்றால் 94 நாளில் தீர்ந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை, அப்போதும் கால் பங்கு மிச்சம் இருக்கும். கிளைபோசேட் போனாலும் அம்பா இன்னும் மெதுவாகத்தான் போகும். ஐரோப்பாவில் 11 நாடுகளில் எடுத்த 317 மண் மாதிரிகளில் 45 சதவீதத்தில் இந்த இரண்டில் ஒன்றாவது இருந்தது என்று 2018இல் எழுதினார்கள்.

நம் பக்கத்து மண்ணில் இந்தக் கணக்கு அப்படியே செல்லுமா?

செல்லாது, இதைத்தான் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். மருந்தைச் சிதைப்பது பெரும்பாலும் மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள், அவற்றுக்கு ஈரம் வேண்டும். தைக்கு மேல் மழையே இல்லாத மானாவாரிக் காட்டில், மாசியில் அடித்த மருந்துக்கு ஈரமில்லாத மூன்று நான்கு மாதம் கிட்டத்தட்ட நின்றுபோன கடிகாரம். சித்திரையில் இரண்டு கோடை மழை பெய்தால் அப்போதுதான் சிதைவு நகரும். அப்புறம் நம் பக்கம் சுண்ணாம்பு கலந்த மண் அதிகம், கார அமிலத்தன்மை (pH) 8ஐத் தாண்டும். காரமான மண்ணில் அட்ராசினும், கிராம் கணக்கில் அடிக்கும் சல்ஃபோனைல்யூரியா வகை மருந்துகளும் சிதைவது இன்னும் தாமதம்.

இதற்கு மேல் நாமே சேர்க்கிற ஒன்று இருக்கிறது. கோடை மழைக்கு ஒரு தடவை சட்டிக் கலப்பை, பிறகு ரொட்டவேட்டர் விட்டு மண்ணைக் காப்பித்தூள் மாதிரி ஆக்கி, விதைப்புக்குப் புரட்டாசி வரைக்கும் அப்படியே திறந்து போட்டுவிடுகிறோம். வருடத்திலேயே பலமான காற்று வரும் மாதங்களில் மண் வருடத்திலேயே நைஸாகக் கிடக்கிறது. எங்கள் அப்பா காலத்தில் மரக்கலப்பையில் உழுதால் கட்டி கட்டியாக நிற்கும், அந்தக் கட்டியே காற்றுக்குத் தடுப்பு.

களைமருந்தோடு கல்லுப்பும் யூரியாவும் கலந்து அடிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உப்பு மண்கட்டியைப் பிரித்து உதிர்க்கும். புல் சீக்கிரம் காய்வது தெரியும், மண் சீக்கிரம் பொடியாவது தெரியாது.

என் தக்காளிக் குருத்து சுருண்டுவிட்டது. மேற்குக் காட்டுப் புழுதிதான் காரணமா?

அநேகமாக இல்லை. இந்தக் கேள்வி சண்டையில் போய் முடிவதால் நிதானமாகச் சொல்கிறேன். தக்காளி, பருத்தி, திராட்சை, முருங்கை இவற்றில் இலை ஒடுங்கி நாடா மாதிரி நீண்டு, காம்பு முறுக்கிக்கொண்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது 2,4-டி. அது சாரலாக வந்திருக்கும், எஸ்டர் வகையாக இருந்தால் அடித்த மறுநாள் வெயிலில் ஆவியாகக்கூட வந்திருக்கும். பக்கத்தில் கரும்புக்கோ சோளத்துக்கோ அடித்தார்களா என்று விசாரியுங்கள். இலையில் அங்கங்கே கருகின பொட்டு விழுந்தால் பாராகுவாட் சாரல். குருத்து வெளுத்து வெள்ளையாக வந்தால் மக்காச்சோளத்துக்கு அடிக்கும் டெம்போட்ரையோன் மாதிரி ஒன்று. வைரஸ் நோயிலும் தக்காளி இலை சுருளும், அது வயல் முழுக்க ஒரே நாளில் வராது, அங்கொன்று இங்கொன்றாகப் பரவும். மருந்து என்றால் காற்று வந்த ஓரத்தில் அதிகமாகவும் உள்ளே போகப் போகக் குறைவாகவும் இருக்கும்.

புழுதியில் ஒட்டி வரும் கிளைபோசேட்டும் பாராகுவாட்டும் பயிரை வாட்டுவது அரிது, மண்ணின் பிடியிலிருந்து அவை லேசில் வெளிவராது. ஆனால் புழுதியே பயிரை அழித்த கதையும் உண்டு. அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தின் தெற்கே 1999இல் பெரிய காட்டுத்தீ வந்தது. எரிந்த அரசு மேய்ச்சல் நிலத்தில் ஆகாத புல் முளைக்கக் கூடாது என்று சல்ஃபோமெட்யூரான் மெத்தில் என்ற மருந்தை அடித்தார்கள், ஏக்கருக்குக் கிராம் கணக்கிலேயே போதுகிற சரக்கு. புல்லும் இல்லை, மழையும் இல்லை, காற்று அந்தச் சாம்பல் மண்ணைத் தூக்கிக்கொண்டு போய் உருளைக்கிழங்கு, சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு வயல்களில் கொட்டியது. வழக்கு பல வருடம் நடந்தது. கிராம் கணக்கில் அடிக்கும் மருந்துகளை மழை நம்பிக்கை இல்லாத திறந்த காட்டில் அடிக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

குழந்தைக்கு இழுப்பு இருக்கிறது. இந்தப் புழுதியால் அதிகமாகுமா?

ஆகும், மருந்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆகும். நைஸ் புழுதியே மூச்சுக்குழலைக் கெடுக்கும். இழுப்பு உள்ள குழந்தைக்கு ஆடி மாதம் மத்தியானக் காற்றில் வெளியே வேலை வேண்டாம், மருத்துவர் கொடுத்த இன்ஹேலர் கையில் இருக்கட்டும். முகத்தில் துண்டு கட்டினால் மணல் தடுக்கும், நைஸ் பொடி உள்ளே போய்விடும். என்95 முகமூடி புழுதிக்குச் சரி, மருந்தின் ஆவிக்கு அது உதவாது.

வீட்டுக்குள்தான் கவனம் அதிகம் வேண்டும். வெளியே வெயிலும் மழையும் நுண்ணுயிரும் மருந்தைச் சிதைக்கும். கட்டிலுக்கடியில் கிடக்கும் தூசியில் அது ஒன்றும் நடக்காது, மாதக்கணக்கில் அப்படியே இருக்கும், தவழும் குழந்தை கையை அதில் வைத்து வாயில் வைக்கும். அதனால் காற்று மாதங்களில் வாரியலால் கூட்டாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். மேற்கு ஜன்னலை மத்தியானம் சாத்துங்கள். மருந்து அடித்துவிட்டு வருகிறவர் செருப்பையும் துணியையும் வாசலிலேயே விடவேண்டும், அந்தத் துணியைக் குழந்தைகள் துணியோடு ஊறவைக்கக் கூடாது.

புற்றுநோய் வருமா?

கிளைபோசேட்டை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருள் என்று 2ஏ பிரிவில் வைத்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அப்படி வாய்ப்பில்லை என்கிறது. முதல் முகமை பார்ப்பது அந்தப் பொருளால் முடியுமா என்று, இரண்டாவது பார்ப்பது வழக்கமான உபயோக அளவில் நடக்குமா என்று. யாருக்கு ஆபத்து அதிகம் என்பதில் எனக்குக் குழப்பமில்லை. வெறுங்கையால் மூடியைத் திறந்து டேங்கில் ஊற்றிக் கலக்குகிறவருக்கும், முதுகில் ஒழுகும் டேங்கோடு நாள் முழுக்க நடக்கிறவருக்கும்தான். பெரும்பாலும் அவர் கூலிக்கு வருகிறவர். புழுதி பற்றிக் கவலைப்படுகிற நாம் முதலில் அவருக்குக் கையுறையும் பூட்ஸும் வாங்கிக் கொடுக்கவேண்டும். பாராகுவாட் வாய்க்குள் போனால் முறிவு மருந்தே கிடையாது. ஒரு மடக்கு என்றாலும் உடனே 108.

மாட்டுக்குத் தட்டு, பட்டுப்புழுவுக்கு இலை?

தட்டுப் போரை மேற்குப் பக்கம் மூடி வையுங்கள். மேல் அடுக்கைத் தட்டி உதறிப் போடுங்கள், மாட்டுக்குப் பல்லும் வயிறும் மண்ணில்லாமல் இருப்பதே பெரிய நன்மை. மருந்து அடித்த தோப்பில் மாட்டை விடவேண்டாம், புட்டியில் எழுதின நாள் கழியட்டும்.

உடுமலைப் பக்கம் மல்பெரி வைத்திருக்கும் ஒரு அக்கா கேட்டார், புழுதி படிந்த இலை கொடுக்கலாமா என்று. காற்று வரும் ஓரத்து நாலு வரிசை இலையை இளம்புழுவுக்குக் கொடுக்காதீர்கள் என்றேன். பட்டுப்புழுவுக்குக் களைமருந்தைவிடப் பூச்சிமருந்துதான் எமன், புழுதியில் எது வருகிறது என்று புழுவுக்குப் பிரித்துத் தெரியாது.

கிணறும் தண்ணீர்த் தொட்டியும்?

குடிதண்ணீர்த் தொட்டிக்கு மூடி போடுங்கள். கூரைத் தண்ணீர் பிடிப்பவர்கள் காற்று மாதம் முடிந்து வரும் முதல் மழையை விட்டுவிடுங்கள், கூரையில் படிந்ததெல்லாம் அதில்தான் வரும். கிணற்றுக்குப் புழுதியைவிட மண் வழியாக இறங்கும் அட்ராசின்தான் கவலை, நிலத்தடி நீரில் கலந்ததற்காகவே ஐரோப்பிய ஒன்றியம் 2004 வாக்கில் அதை விலக்கியது.

இவற்றுக்குத் தடை இல்லையா?

பாராகுவாட்டை ஐரோப்பிய ஒன்றியம் 2007இல் நிறுத்தியது, கணவாய்க்கு அந்தப் பக்கம் கேரளம் 2011இல் தடை செய்தது, நம் பக்கம் கடையில் கிடைக்கிறது. கிளைபோசேட் இந்தியாவில் தேயிலைத் தோட்டத்துக்கும் பயிர் இல்லாத இடத்துக்கும் மட்டும் பதிவானது. 2022 அக்டோபரில் மத்திய அரசு, பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்கள் மூலமாக மட்டுமே அதை அடிக்கலாம் என்று அறிவிப்பு வெளியிட்டது. ஊரில் நடப்பது எல்லோருக்கும் தெரியும். 2020 மே மாதம் 27 மருந்துகளைத் தடை செய்ய வரைவு வந்தபோது அதில் 2,4-டி, அட்ராசின், பெண்டிமெத்தலின், ஆக்ஸிஃப்ளூர்ஃபென் எல்லாம் இருந்தன. பிறகு பட்டியல் சுருங்கிவிட்டது.

பரிசோதனை செய்து பார்க்க முடியுமா?

கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் எச்சம் பார்க்கும் ஆய்வகம் இருக்கிறது, தனியார் ஆய்வகங்களும் உண்டு. போகும் முன் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே சோதனையில் நூறு மருந்து பார்க்கிறோம் என்பார்கள், அந்த நூறில் கிளைபோசேட்டும் பாராகுவாட்டும் வழக்கமாக இருக்காது, அவற்றுக்குத் தனி முறை, தனிக் கட்டணம். எங்களுக்கு ஒரு இடத்தில் ஒன்றும் இல்லை என்று தாள் கொடுத்தார்கள். நாங்கள் கேட்டது கிளைபோசேட், அவர்கள் பார்த்த பட்டியலில் அதுவே இல்லை. ஜன்னல் மேட்டில் படிந்த தூசியைச் சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் தூரிகையால் எடுத்து, தேதி எழுதி, குளிரில் வைத்துக் கொண்டுபோங்கள்.

களை எடுக்க ஆளே கிடைப்பதில்லை. மருந்தை விடச் சொன்னால் பண்ணையம் எப்படி?

விடச் சொல்லவில்லை. நாங்களும் முழுக்க விடவில்லை. கூலி கட்டாது என்பதும் வேலைக்கு ஆள் இல்லை என்பதும் உண்மை. நான் கேட்பது இரண்டே: காற்று மாதத்துக்கு முன்னே அடிக்காதீர்கள், அடித்த இடத்தை மூடாமல் விடாதீர்கள். தென்னந்தோப்பில் நடுப்பகுதியை மருந்து போட்டு மொட்டையாக்குவதற்குப் பதில் புல்வெட்டும் இயந்திரத்தால் நாலு விரல் உயரத்துக்கு வெட்டிவிட்டு, வட்டப்பாத்தியை மட்டும் மட்டையால் மூடுகிறோம். மேட்டாங்காட்டில் கோடை மழைக்கு நரிப்பயறோ கொள்ளோ வீசிவிடுகிறோம். காய்ப்பு வராவிட்டாலும் காய்ந்த கொடி ஆடி வரை மண்ணைப் பிடிக்கும். உழவுக்கு ரொட்டவேட்டருக்குப் பதில் கொக்கிக் கலப்பை. மருந்தில் செத்த புல்லையும் உழாமல் நிற்க விடுங்கள், செத்த புல்லும் தடுப்புதான்.

மரம் வைத்தால் புழுதி நிற்குமா?

நன்றாகவே. மரம் எத்தனை உயரமோ அதைப்போல் பத்து மடங்கு தூரத்துக்குக் காற்று தணியும். சுவர் மாதிரி அடைப்பாக இருக்கக் கூடாது, பாதிக் காற்று உள்ளே புகுந்து போகவேண்டும், இல்லாவிட்டால் பின்னால் சுழல் கட்டும். சவுக்கு இரண்டு வரிசை நல்லது. ஆனால் என் மனசு காங்கயம் கொரங்காட்டின் பக்கம். சுற்றிலும் முள்ளுக்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். மாடு மேய்வதற்காக நம் முன்னோர் வைத்தது, உழவே கிடையாது, மருந்து கிடையாது. ஆடி மத்தியானம் ஒரு கொரங்காட்டின் கிழக்கு ஓரத்தில் போய் நின்று பாருங்கள், கண்ணில் மண் விழாது. அதைத்தான் இப்போது கிளுவையைப் பிடுங்கிக் கம்பிவேலி போட்டு சைட்டாக விற்கிறார்கள். விற்கிற வரைக்கும் புல் தெரியக் கூடாது என்று வருடம் இரண்டு தடவை மருந்து. எனக்கு இதில் தாங்க முடியாத வருத்தம்.

மேற்குக் காட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது?

மருந்து அடிக்கும் நாளில் போய் நிற்காதீர்கள், அப்போது யாருக்கும் காது கேட்காது. பங்குனியிலேயே போங்கள். "அண்ணா, காத்து வந்துட்டா உங்க காட்டு மண்ணு பூரா எங்க வாசல்லதானுங்க. வைகாசிக்கு முன்னாடி உழுது போட வேண்டாங்க, எங்ககிட்ட கொள்ளு விதை இருக்குது, வீசி விடறீங்களா?" இப்படித்தான் நான் கேட்டேன். முதல் வருடம் சரியென்று சொல்லி மறந்துவிட்டார். அடுத்த வருடம் அவர் மண் எங்கள் வேலியில் ஏறிக் கிடப்பதைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன். தன் மேல்மண் போகிறதே என்பதுதான் அவருக்குப் பட்டது, மருந்து இல்லை. பரவாயில்லை, விதை வாங்கிக்கொண்டார்.

இந்த வருடம் உழுதாயிற்று, மருந்தும் அடித்தாயிற்று, காற்றும் வந்துவிட்டது. இனி என்ன செய்ய?

இன்னொரு தடவை உழாதீர்கள், அது முதல். தண்ணீர் வசதி இருந்தால் மேற்கு ஓரம் பத்தடி அகலத்துக்கு மட்டும் நனைத்து விடுங்கள், மேலே ஓடு கட்டும், குதிக்கும் மணல் கிளம்புவது அந்த ஓரத்தில்தான். தண்ணீர் இல்லாவிட்டால் தென்னை மட்டை, சோளத்தட்டின் அடித்தாள், பருத்திமார் எது கிடைத்தாலும் காற்றுக்குக் குறுக்கே இருபது அடிக்கு ஒரு வரிசையாகப் போடுங்கள். ஒரு முழ உயரம் போதும். கொக்கிக் கலப்பை இருந்தால் காற்றுக்குக் குறுக்கே, தெற்கு வடக்காக, தூரத் தூர நாலு சால் ஓட்டி அடிக்கட்டியை மேலே கொண்டுவரலாம், உழவிலேயே நான் ஒப்புக்கொள்கிற விதிவிலக்கு இது மட்டும். காட்டுக்குள் டிராக்டரும் வண்டியும் போய்வருகிற தடத்தை ஒன்றாகக் குறைத்துவிடுங்கள், பொடி அதிகம் கிளம்புவது அந்தத் தடத்தில்தான். மழை ஒரு உழவு பெய்ததும் கொள்ளை வீசிவிடுங்கள்.